கிணற்றடி எந்தப் பக்கம்

தென்னார்க்காட்டு மண்ணில் வளர்ந்த ரசிகருக்குப் போரைக் கலையாகப் பார்க்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படித்து, பதினெட்டாம் போர் விடிய விடிய ஆடி ஓய்ந்ததும், திடலில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைச் சுற்றி ஊர் திரண்டுவிடும். கம்மாபுரம், விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்தில் படுகளம் பார்த்தவர்கள் பெரும்பாலும் பீமன் தொடையில் அடிக்கும் கட்டத்தைத்தான் சிலாகிப்பார்கள். சிலாகிக்க வேண்டியதுதான். புஜக்கட்டையும் கிரீடமும் குலுங்க அவன் சுற்றிவரும் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் தேர்ந்த ரசிகர்கள் அதற்கு அடுத்ததற்காகக் காத்திருப்பார்கள். அடி விழுந்து, பாஞ்சாலி கூந்தலை முடிந்து, கூட்டம் கலையத் தொடங்கும் வேளையில் அந்த மண்ணுடம்பின் தலைமாட்டில் ஓர் ஒப்பாரி எழும். நல்ல பெண்வேடக்காரர் யார் என்பது அங்கேதான் தெரியும். குரலை உயர்த்தி அழுபவர் தேறமாட்டார். செத்தவன் உண்ட கிண்ணம், உட்கார்ந்த இடம், நடந்த வாசல் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழுபவர்தான் தேறுவார்.

பழந்தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை எப்போதோ பிடித்துவைத்திருக்கிறது. போர் வெற்றியைப் பாடும் பரணி ஒரு பக்கம், இறந்தவரை நினைத்து இரங்கும் கையறுநிலை ஒரு பக்கம். ஈழப் போரைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழர் வரைந்தது, செதுக்கியது, அச்சடித்தது எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினால் பரணியின் பக்கமே கனமாக இருக்கும். கையறுநிலையின் பக்கத்தில் நிற்பவை குறைவு. அவற்றிலும் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கத் தோன்றுவது ஒன்றுதான்: 2011-ல் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் கொண்டுவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’.

ஷர்மினி பெரேராவின் ‘ரேக்கிங் லீவ்ஸ்’ பதிப்பகம் வெளியிட்ட அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இருந்தும் அதன் செய்நேர்த்தியைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை. போரால் வீட்டை இழந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல், அவரவர் வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார் சனாதனன். அப்படி வந்து சேர்ந்தவை சுமார் 80 வீடுகள். வரைந்தவர்கள் ஓவியர்கள் இல்லை. அளவுகோல் பிடித்துப் பழகாத கை. அந்தப் படத்தைக் கட்டடக் கலைஞரின் முறைப்படி திருத்தமாகத் திரும்பப் போட்ட வரைபடம் ஒன்று உண்டு. அது ஊடுருவித் தெரியும் டிரேசிங் தாளில் இருக்கிறது. மூன்றாவதாக, அந்த வீட்டுக்காரர் சொன்ன கதையைக் கேட்டுச் சனாதனன் தீட்டிய உலர் பேஸ்டல் ஓவியம்.

மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் ஓவியத்தில்தான் நிற்பார்கள். அது இயல்பு. சனாதனனின் பேஸ்டல் அவ்வளவு வசீகரமானது. உண்மையில் புத்தகத்தின் உயிர் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தாளில்தான் இருக்கிறது. கீழே நடுங்கிய கோடு, மேலே நேர்க்கோடு. கீழே ஒருவர் தன் சுவரை நினைத்து நினைத்துப் போட்டது, மேலே அதே சுவர் அரசாங்க அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் மொழியில். தாளைத் தூக்கினால் ஒருவருடைய ஞாபகம், வைத்தால் ஓர் ஆவணம். விரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எவ்வளவு ரத்தச் சிவப்பைக் கொட்டினாலும் ஓர் ஓவியத்தில் கிடைக்காத வேலை இது. அதற்கு ஆன செலவு ஒரு டிரேசிங் தாள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி வாங்குவதற்காக நிலத்தை எழுதிவைத்த தோம்பின் வடிவத்தை எடுத்து, அதே நிலத்தை இழந்தவர்களின் கையில் எழுதுகோலைக் கொடுத்தது சனாதனனின் துணிச்சல். அலுவலகக் கோப்பு போன்ற அதன் தோற்றமும் சேர்த்து எண்ணிச் செய்யப்பட்டது. அலங்காரமாகக் கட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

விறாந்தை, அடுக்களை, கிணற்றடி, வேலி, படலை என்று யாழ்ப்பாணத்து வளவுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஞாபகத்தில் வீட்டை வரைபவர் கூரையின் அழகையோ முகப்பையோ நினைப்பதில்லை. கிணற்றடி எந்தப் பக்கம், வாசலிலிருந்து அடுக்களைக்கு எப்படிப் போனோம் என்று கால் நடந்த வழியைத்தான் முதலில் நினைக்கிறார். தரைப்படம் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததன் நுட்பம் அதுதான். நிழற்படத்தில் வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். தரைப்படத்துக்குள் நுழைந்து நடக்கலாம்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் இழப்பும் இந்தத் தோம்பில் இருக்கிறது. தமிழகத்தில் ஈழத்தைப் பற்றி வரைந்தவர்களில் பெரும்பாலோர் தொடாத பக்கம் அது. சனாதனன் அதைத் தனியே எடுத்துக் காட்டிப் பெருமை தேடவில்லை. மற்ற வீடுகளோடு வீடாக வைத்திருக்கிறார், அதே தாள், அதே அளவு.

இந்த ரசனையோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. இத்தனை பேர் செத்த இடத்தில் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருப்பதா, ஓலமிட வேண்டாமா என்பார்கள். ஓவியர் புகழேந்தியின் ‘புயலின் நிறங்கள்’ வரிசையை முன்வைப்பார்கள். புகழேந்தியின் தூரிகையில் உள்ள கோபம் பொய்யில்லை. திரண்ட உடல்களைக் கையாள்வதில் அவருக்கு வலு இருக்கிறது. தஞ்சை விளாரில் பழ. நெடுமாறன் முன்னின்று எழுப்பிய முள்ளிவாய்க்கால் முற்றத்தைச் சொல்பவர்களும் உண்டு. 2013 நவம்பரில் திறக்கப்பட்ட சில நாட்களிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தார்கள். இடிக்கும் அளவுக்கு அந்தக் கல் ஏதோ செய்தது என்றுதான் அர்த்தம். அங்குள்ள புடைப்புச் சிற்பங்களைச் செதுக்கிய சிற்பிகளின் உளி, கோயில் மரபில் தேறிய உளி. சிக்கலும் அங்கேதான். கோயில் தூணில் யாளியும் போர்வீரனும் செதுக்கிப் பழகிய கைக்கு எல்லா உடலும் திரண்ட உடலாகத்தான் வருகிறது. பசியில் ஒடுங்கிய உடலுக்கு அந்த மரபில் காரைக்கால் அம்மையாரைத் தவிர முன்மாதிரி குறைவு. அந்த அம்மையாரின் விலா எலும்பிலிருந்து தொடங்கியிருந்தால் முற்றம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

ஒடுங்கிய உடலை இந்தியாவில் வரைந்து காட்டியவர் என்று சோம்நாத் ஹோரைத்தான் சொல்ல வேண்டும். 1942-ல் சிட்டகாங் பகுதியில் ஜப்பானியர் போட்ட குண்டில் சிதைந்த உடல்களைப் பார்த்து வரையத் தொடங்கியவர், 1970-களில் வெள்ளைக் காகிதக் கூழில் வெறும் கீறலும் வெட்டுமாக ‘காயங்கள்’ வரிசையைச் செய்தார். வெள்ளை மேல் வெள்ளை. உருவமே இல்லை. வியட்நாம் மக்களுக்காக அவர் வார்த்த தாயும் சேயும் வெண்கலச் சிலை 1977-ல் சாந்திநிகேதன் கலாபவனத்திலிருந்து திருடுபோய்விட்டது. சனாதனன் தில்லியில் ஓவியம் படித்தவர். இந்த மரபை உள்வாங்கியிருப்பார் என்று எண்ண இடமுண்டு. ஆனால் அவருக்கு அதைவிட நெருக்கமான வேர் யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு. போர் சூழ்ந்த ஊரில் பிள்ளைகளைக் கூட்டி ஓவியம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் சாலையில் இறங்கி நடந்தபோது ஓவியர்களின் வீடுகளும் சேர்ந்துதான் பூட்டப்பட்டன. தோம்பு ஏன் காகிதத்தை இவ்வளவு நம்புகிறது, ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறது என்பது அந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் துலங்கும்.

சனாதனனின் மற்ற படைப்புகளும் இதே வழியில் வந்தவை. 2004-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியில் வீடு வீடாகப் பொருள் சேகரித்து வைத்தார். 1981-ல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட அதே நூலகம். 2010-ல் கனடாவின் வான்கூவர் மானிடவியல் அருங்காட்சியகத்தில் அங்குள்ள ஈழத் தமிழர்கள் கொடுத்த பொருள்களைக் கொண்டு ‘வீடு’ என்ற நினைப்பையே காட்சியாக்கினார். நூலக அட்டைப் பெட்டி போன்ற இழுப்பறைகளுக்குள் போர்க்காலத்து அன்றாட எதிர்ப்பையும் பிழைப்பையும் அட்டை அட்டையாக அடுக்கிய ‘கேபினெட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர்க்காரர் ஒருவரால்தான் அப்படி ஓர் அலமாரியை யோசிக்க முடியும். 2019-ல் வந்த ‘ஏ டு இசட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ போர்ச் சொற்களுக்கான அரிச்சுவடி. நல்ல புத்தகம்தான். தோம்பில் உள்ள பிறர் கையின் நடுக்கம் அதில் இல்லாததால் ஒரு படி கீழேதான் வைக்க வேண்டும்.

சிங்களக் கலைஞர்களை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. சந்திரகுப்த தேனுவர 1997-ல் தொடங்கிய ‘பேரலிசம்’, சோதனைச் சாவடித் தகரப் பீப்பாய்களைக் கலைப்பொருளாக்கியது. 1983-ன் கறுப்பு ஜூலையை நினைவுறுத்தி ஆண்டுதோறும் ஜூலையில் கொழும்பில் கண்காட்சி வைக்கிறார். அந்த விடாப்பிடிக்கே ஒரு வணக்கம். ஆனாலும் பீப்பாய் என்பது ஒரு சின்னம். ஒருமுறை புரிந்துவிட்டால் அடுத்த முறை கண் நழுவிவிடும். தோம்பின் வீடு அப்படி நழுவுவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வேறு கிணறு, வேறு வாசல்.

தென்னார்க்காட்டு வட்டாரத்து வாசகருக்குத் தோம்பு கூடுதலாகப் பிடிபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. கடலூர் மாவட்டத்தில் ஈழத் தமிழர் முகாம்கள் பல காலமாக இருக்கின்றன. அதோடு, கம்மாபுரத்தைச் சுற்றியுள்ள பகுதி நெய்வேலிச் சுரங்கத்துக்காக 1950-களிலிருந்து ஊர் ஊராகக் காலியான பகுதி. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. போர் வேறு, நிலம் எடுப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுக்குமே அநியாயம். இருந்தாலும், பட்டாவும் புலப்படமும் கையில் வைத்துக்கொண்டு, இல்லாமல்போன தாழ்வாரத்தை விரலால் மேசையில் போட்டுக் காட்டும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தோம்பின் தாளைப் புரட்டிக் காட்டினால் அவர்களுக்கு விளக்கவுரை வேண்டியிருக்காது.

வருத்தம் வேறு இடத்தில். 1983 ஜூலைக்குப் பிறகு தமிழகச் சிற்றூர்களில்கூடப் படக் கண்காட்சிகள் வந்தன. ஓவியர் டிராட்ஸ்கி மருதுவின் கோடு அச்சில் வந்தால், கீழே பெயர் இல்லாவிட்டாலும் யாருடையது என்று சொல்லிவிடலாம். அந்த நாள் சிற்றிதழ்க்காரர்கள் ஓவியரிடம் போய் உட்கார்ந்து, கவிதையைப் படித்துக் காட்டிப் படம் வாங்கினார்கள். அதிலும் குறை இருந்தது. பிக்காசோவின் கெர்னிக்காக் குதிரை எத்தனை அட்டைகளில் கனைத்திருக்கிறது! ஆனால் கை ஒன்று உழைத்திருக்கும். இப்போது முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 வந்தால் ஃபிளெக்ஸ் பேனரில் அதே மெழுகுவத்தி, அதே முள்கம்பி, அதே சொட்டும் சிவப்பு. கடந்த சில ஆண்டுகளாகக் கணினியே தயாரித்துத் தரும் அழும் குழந்தைகள். அந்தக் குழந்தை எந்த ஊர், எந்த வளவு? யாரும் கேட்பதில்லை. முகம் பளபளப்பாக, கண்ணீர் கண்ணாடியாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. செத்தவர்களுக்கு உரியது இதுவல்ல. பேனர் எழுதும் இளைஞர்கள் உணர்ச்சியில் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடிரவாக இடித்தார்கள். மாணவர்கள் போராடி அதே ஆண்டு ஏப்ரலில் திரும்பக் கட்டித் திறந்தார்கள். கல்லை இடித்துவிட முடியும் என்பதால் புத்தக வடிவில் ஓர் ஆவணக்கலை எவ்வளவு தேவை என்று விமர்சகர்கள் பேசக்கூடும். பேச்சைவிட முதலில் வேண்டியது அதை மக்கள் புரட்டிப் பார்க்க வாய்ப்பு. சென்னையின் எழும்பூர் அருங்காட்சியகத்திலோ கிரீம்ஸ் சாலை லலித் கலா மையத்திலோ தோம்பை வைத்தால் ஓவியர்கள் வந்து பார்ப்பார்கள், நல்லது. அங்கிருந்து சிதம்பரத்துக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு விருத்தாசலத்துக்கு, பிறகு கம்மாபுரத்துக்கு. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடக் கூடாது. டிரேசிங் தாளைத் தூக்கிப் பார்க்க முடியாவிட்டால் கொண்டுவந்ததில் பயனில்லை. ஒரு பள்ளிக்கூட அறை, நான்கு மேசை, நாற்காலிகள், பக்கத்தில் வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும்.