விலைப் பக்கத்தில் நாற்பது நிமிடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சொந்த பிராண்டு தொடங்க இருந்தது. லோகோ, அட்டைப்பெட்டி, லேபிள் மூன்றுக்கும் சேர்த்து 65,000 ரூபாய்க்குப் புரொப்போசல் அனுப்பியிருந்தேன். அதற்கென்றே உள்ள மென்பொருளில் அனுப்பியதால், அங்கே அதை யார் எப்போது திறக்கிறார்கள் என்பது கோவையில் என் போனில் தெரிந்தது. காலை பதினொன்றேகாலுக்குத் திறந்தார்கள். அறிமுகப் பக்கத்தில் சில நொடிகள். பழைய வேலைகளின் படங்களில் அரை நிமிடம். விலைப் பக்கத்தில் நாற்பது நிமிடம்.

ஒரு தொகையை நாற்பது நிமிடம் பார்க்கிறார்கள் என்றால் அது கட்டுப்படியாகவில்லை என்றுதானே அர்த்தம்? அவர்கள் வாய் திறக்கும் முன்பே நான் போன் போட்டு, "அறுபதுக்கு முடிச்சுக்கலாங்க" என்றேன். முதலாளியின் மகன் உடனே சரி என்றார். வேலை முடிந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் விஷயம் வந்தது. அன்று அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் சாயப்பட்டறைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். 65,000 அவர்களுக்கு உறுத்தவே இல்லை.

அந்த ஐயாயிரம் போனதைவிட, ஒரு மனிதரிடம் கேட்டிருக்க வேண்டியதை ஒரு எண்ணிடம் கேட்டேன் என்பதுதான் எனக்கு வருத்தம். இருந்தும் அந்த மென்பொருளை நான் விடவில்லை. தனியாகத் தொழில் செய்யும் டிசைனருக்கு அது எதில் துணை, எதில் கெடுதல் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வகை மென்பொருள்கள் டிசைனர்களின் தேவையை ஒட்டியே வளர்ந்தவை. 2009-ல் ரூபன் கேமஸ் தொடங்கிய பிட்ஸ்கெட்ச், டிசைனர்களை மனத்தில் வைத்து வந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த புரொப்போசிஃபையை உருவாக்கியவர்கள் அதற்கு முன் டிசைன் நிறுவனம் நடத்தியவர்கள். அதனால்தான் அவற்றின் கட்டங்களில் நம் தொழிலின் வலி தெரிந்த கை தெரிகிறது.

நம் ஊரில் பார்ட்டி கேட்பது கொட்டேஷன். "லோகோ 15,000, ப்ரோஷர் பக்கத்துக்கு 1,200" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் அவருக்குப் போதும். நமக்குப் போதாது. அந்த ஒரு வரியில் எத்தனை மாடல் காட்டுவோம், எத்தனை முறை கரெக்‌ஷன், ஓப்பன் ஃபைல் தருவோமா, பிரஸ்ஸில் போய் நிற்பது யார் என்று எதுவும் இல்லை. எல்லாவற்றையும்விட, மேட்டர் யார் தருவது, எப்போது தருவது என்பது இல்லை. நான் பார்த்தவரை வேலை இழுத்தடிப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ப்ரோஷருக்கு அட்வான்ஸ் வாங்கி நான்கு மாதம் மேட்டருக்காகக் காத்திருந்திருக்கிறேன். வந்தபோது அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதில் விழுந்த பிழைகளைத் திருத்தி முடிக்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு விலை போடும் இடம் வாட்ஸ்அப் வரியில் இல்லை. மென்பொருளில் இருக்கிறது. "வாடிக்கையாளர் தர வேண்டியவை" என்று காலியாக ஒரு கட்டம் கண் எதிரே நிற்கும்போது, எழுதாமல் தாண்டிப் போக மனம் வராது.

இன்னொரு நன்மை பேரத்தில். விலைப் பட்டியலில் வேண்டியதை டிக் செய்யலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். "ரேட்டைக் குறைங்க" என்பவரிடம் "லேபிளை இப்போதைக்கு எடுத்துடலாமா?" என்று கேட்க முடிகிறது. தொகை குறைந்தால் வேலையும் குறைகிறது. எத்தனையோ டிசைனர்கள் தொகையை மட்டும் குறைத்து வேலையை முழுதாகச் செய்தே களைத்துப் போனவர்கள்.

இதோடு என் பாராட்டு நிற்கிறது. இந்த மென்பொருள்களோடு வரும் டெம்ப்ளேட்டுகளின் சட்டப் பகுதி வேறொரு நாட்டுக்காக எழுதப்பட்டது. அதைப் படிக்காமல் அனுப்புவது ஆபத்து. அமெரிக்க டெம்ப்ளேட்டுகளில் 'ஒர்க் ஃபார் ஹையர்' என்றொரு வரி வரும். காசு கொடுத்துச் செய்வித்தவருக்கே படைப்பு சொந்தம் என்ற பொருளில். நம் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவரின் படைப்பு பொதுவாக முதலாளிக்குப் போகும். வெளியிலிருந்து லோகோ செய்து தரும் டிசைனரின் நிலை அதுவல்ல. அவர் எழுதிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. இது வாங்குபவருக்கும் நல்லதில்லை. வெளிநாட்டுக்குப் பெட்டி அனுப்பும் ஒருவர், தன் லோகோவின் உரிமை இந்திய எல்லையோடு நிற்கிறது என்பது தெரியாமலே தொழில் நடத்திக்கொண்டிருக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கொடுப்பவர் டிசைனர். நான் பயன்படுத்திய டெம்ப்ளேட்டிலோ கையெழுத்துக் கட்டம் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் இருந்தது. மின்னணு வழியில் செய்ததாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் வேண்டிய கையெழுத்தே இல்லாதபோது அந்தச் சட்டத்தால் என்ன பயன்? இப்போது என் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன்.

பணம் வரும் வழியும் அப்படியே. டாலரில் மாதச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருளுக்கு டிடிஎஸ் என்றால் என்னவென்று தெரியாது. பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று நாம்தான் சேர்த்து எழுத வேண்டும். உதயம் பதிவு உள்ள குறுந்தொழில் என்றால் 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் நம் பக்கம் நிற்கிறது: எழுத்தில் எந்தத் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது, போனால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்குக் கூட்டு வட்டி. புரொப்போசலில் இதை ஒரு வரியாக எழுதினால் பார்ட்டியின் ஆடிட்டர் கண்ணில் படும். எந்த வெளிநாட்டு டெம்ப்ளேட்டிலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

எனக்கு உண்மையான மனத்தாங்கல் வேறு. டெம்ப்ளேட் கையில் இருந்தால், ஆளைப் பார்க்காமலே எழுதத் துணிவு வந்துவிடுகிறது. போன் வந்த அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பக்கம் தயார். அதில் "உங்கள் பிராண்டின் சவால்கள்" என்று ஒரு பக்கம், ஒரு சவாலைக்கூடக் கேட்டறியாமல் எழுதியது. டிசைன் தொழிலின் விற்பனை பற்றி எழுதும் பிளேர் என்ஸ், நோய் கண்டறியும் முன் மருந்து எழுதக்கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார். நான் மருந்துச் சீட்டையே அச்சடித்து வைத்திருந்தேன். அப்படி அனுப்பியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. வந்தவையும் கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும் பற்றிக் கேட்டன.

யார் எத்தனை நிமிடம் பார்த்தார் என்று காட்டும் அறிவிப்பை முழுவதும் அணைத்துவிட்டேன். படிப்பவருக்குத் தெரியாமல் அவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையாகவும் படவில்லை. கடையில் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்க்கும்போது தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்றால் நமக்கு எப்படி இருக்கும்?

இப்போது முதலில் நேரில் போகிறேன். பேசி முடித்துவிட்டு அன்று இரவே மென்பொருளில் எழுதுகிறேன். பகலில் அவர்கள் சொன்ன சொல்லையே முடிந்தவரை போடுகிறேன். மூன்று பக்கத்துக்கு மேல் போவதில்லை.

போன மாதம் பல்லடம் பக்கம் ஒரு எண்ணெய்ச் செக்கு. பெரியவருக்கு லிங்க் அனுப்பினால் திறக்கமாட்டார் என்று மகள் சொன்னதால் பிரிண்ட் எடுத்துப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். "கரெக்‌ஷன் மூணு தடவைன்னு போட்டிருக்கீங்களே தம்பி, நாலாவது தடவை தப்பு கண்ணுல பட்டா?" என்று கேட்டார்.

"தப்பு என்னோடதுன்னா எத்தனை தடவைன்னாலும் காசு வேண்டாங்கய்யா. நீங்க மனசு மாத்துனா மட்டுந்தான் கணக்கு."

"அதை எழுதலையே இதுல."

எழுதவில்லைதான். அவர் பேனாவையே வாங்கி, அந்த வரிக்குக் கீழே எழுதி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்கு வந்ததும் டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த வரியை அதிலும் சேர்த்தேன்.