பழங்கணினி இசை: வகைமையா, செய்முறையா?
ஓசூர்த் தொழிற்புலத்தையும் அந்தாதி மரபையும் முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

வழக்கொழிந்த கணினிகளின் ஒலிச்சில்லுகளைக் கொண்டு ஆக்கப்படும் இசையைத் தனி இசைவகையாகக் கொள்வதா, வெறும் செய்முறையாகக் கொள்வதா என்னும் வினா இசைத் திறனாய்வில் தீராமல் நிற்கிறது. இவ்வினாவுக்கு விடைகாணத் தமிழ் யாப்பு மரபில் அந்தாதி அடைந்த வளர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. ஓசூரின் கடிகாரத் தொழில், பெங்களூரின் மின்னணுச் சுருதிக் கருவி, சென்னைத் திரையிசையில் கணினியின் வருகை ஆகியன சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பழங்கணினி இசை, சிப்டியூன், வகைமை, செய்முறை, அந்தாதி, ஓசூர், ஆவணப்படுத்தல்

முன்னுரை

1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த கொமடோர் 64 கணினியில் பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்னும் ஒலிச்சில்லு இருந்தது. அது ஒரே நேரத்தில் மூன்று குரல்களை மட்டுமே எழுப்ப வல்லது. 1989இல் வெளிவந்த நின்டென்டோ நிறுவனத்தின் கேம்பாய் கருவிக்கு நான்கு ஒலித்தடங்கள் இருந்தன. இவை சந்தையிலிருந்து மறைந்த பின்னரும் இவற்றைக் கொண்டே இசையமைப்போர் உலகின் பல பகுதிகளில் உள்ளனர். அவர்தம் ஆக்கங்கள் சிப்டியூன் என்னும் பெயரால் வழங்குகின்றன.

இப்பெயர் எதைக் குறிக்கிறது என்பதில் இரு நிலைப்பாடுகள் உள்ளன. ஒலியின் தன்மை ஒன்றாக இருப்பதால் இது ஓர் இசைவகை என்பது முதலாவது. அச்சில்லுகளில் நடன இசை, ராக் இசை, பாக்கின் படைப்புகள் என எதையும் இசைக்க இயலும். ஆகவே இது செய்முறையே என்பது இரண்டாவது. இரண்டும் கருவியின் இயல்பிலேயே விடையைத் தேடுகின்றன. கருவிக்கும் கேட்போருக்கும் இடையே காலப்போக்கில் மாறும் உறவை இரண்டும் கணக்கில் கொள்ளவில்லை. அவ்வுறவே இவ்வினாவின் மையம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

அந்தாதி தரும் அளவுகோல்

ஒரு செய்முறை எப்போது வகைமையாகிறது என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு தெளிவாகவே காட்டுகிறது. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வருவது அந்தாதித் தொடை. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தைக் காப்பியாற்றுக் காப்பியனார் இத்தொடையால் இணைத்துள்ளார். ஆயினும் அப்பத்தை எவரும் அந்தாதி நூல் என வகைப்படுத்துவதில்லை. அங்குத் தொடை பாடல்களைக் கோக்கும் உத்தி. சேரனின் சிறப்பே நூலின் அடையாளம். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் நிலை வேறு. அங்கு உத்தியின் பெயரே நூலின் பெயராகிறது. பிற்காலப் பாட்டியல் நூல்கள் அந்தாதிக்குப் பா வகையும் பாடல் எண்ணிக்கையும் வகுத்து, அதனைச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாக வைக்கின்றன.

இதனினும் நுட்பமான சான்று நம்மாழ்வாரிடம் உண்டு. 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி முழுவதும் அந்தாதியாகத் தொடர்கிறது. எனினும் அது அந்தாதி எனப் பெயர் பெறவில்லை. அதே ஆழ்வாரின் மற்றொரு நூல் பெரிய திருவந்தாதி எனப்படுகிறது. புலவர் ஒருவரே, தொடையும் ஒன்றே, வகைப்பெயர் மட்டும் வேறு. பத்துப்பத்தாக அமையும் பதிக அமைப்பும், பதிகந்தோறும் வரும் பயன் கூறும் பாசுரமும், இசையோடு ஓதும் மரபும் திருவாய்மொழியின் அடையாளத்தைத் தாங்குகின்றன. ஆகவே ஓர் உத்தி படைப்பில் இருப்பது மட்டும் வகைமைக்குப் போதாது. படைப்பை அடையாளம் காணும் பொறுப்பு அவ்வுத்தியின்மேல் விழ வேண்டும்.

உதடுகள் ஒட்டாத எழுத்துகளால் மட்டும் பாடும் நிரோட்டகம் இன்னொரு படியைக் காட்டுகிறது. துறைமங்கலம் சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி தன் பெயரிலேயே மூன்று கட்டுப்பாடுகளை அறிவிக்கிறது. எல்லா எழுத்துகளையும் ஆளத் தடையில்லாத புலவர் சிலவற்றைத் தாமே விலக்குகிறார். கற்போரும் அவ்விலக்கை அறிந்தே அவர் திறனை அளக்கின்றனர்.

இவற்றிலிருந்து மூன்று அளவைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கட்டுப்பாடு படைப்பில் புலனாக வேண்டும். இரண்டாவது, வேறு வழி இருக்கும்போதே அது தேர்ந்துகொள்ளப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, நுகர்வோர் அதனை எதிர்பார்த்து, அதனைக் கொண்டே திறனை மதிப்பிட வேண்டும்.

ஓசூரின் கடிகாரமும் அடைமொழியின் தோற்றமும்

இரண்டாம் அளவையின் முதன்மையை ஓசூரின் தொழில் வரலாறு விளக்குகிறது. பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் 1961 முதல் கைக்கடிகாரங்களைச் செய்துவந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, எல்லைக்கு இப்பால் ஓசூரில் ஆலையை நிறுவின. அந்நிறுவனம் குவார்ட்ஸ் கடிகாரத்தை முன்னிறுத்தியது. குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அவ்வதிர்வைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்து ஒரு நொடியைப் பெறுகிறது.

சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் மட்டுமே புழக்கத்தில் இருந்தவரை அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. அது கடிகாரம் என்றே வழங்கியது. குவார்ட்ஸ் பரவிய பின்னரே ‘மெக்கானிக்கல்’ என்னும் அடை அதற்குச் சேர்ந்தது. நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவதில் பின்தங்கிய பின்னர், அக்கடிகாரம் தன் பொறியமைப்புக்காகவே விரும்பப்படும் தனிப்பிரிவாயிற்று. குவார்ட்ஸால் வளர்ந்த டைட்டனே இன்று மெக்கானிக்கல் கடிகாரங்களையும் விற்கிறது. வில்லும் பற்சக்கரமும் அன்று இருந்தவாறே உள்ளன. மாறியது அவற்றைத் தேர்வோரின் நோக்கம். பழங்கணினி என்னும் தொடரில் உள்ள ‘பழ’ என்னும் அடையும் இத்தகையதே. அது கருவியின் அகவையைக் காட்டிலும் வேறு கருவிகள் கைக்கெட்டும் நிலையையே உணர்த்துகிறது.

சென்னையும் பெங்களூரும்: செய்முறையாக நின்ற சான்றுகள்

ஓசூருக்கு இருபுறமும் உள்ள இரு பெருநகரங்களும் மின்னணு இசைக்கு முக்கியச் சான்றுகளைத் தருகின்றன. 1986இல் வெளிவந்த கே. பாலசந்தரின் புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தி இசையமைத்தார். அக்காலத்தில் யமஹா சி.எக்ஸ்.5எம் போன்ற கணினிகள் இசைக்கென்றே விற்பனையாயின. சுரங்களை எண்களாகப் பதிந்து, பிசகாமல் மீட்டும் மீட்டும் ஒலிக்கச் செய்வது அவற்றின் சிறப்பு. இன்று அக்கருவிகள் பழங்கணினிகளே. எனினும் அப்படத்தின் இசையைப் பழங்கணினி இசை என்பது பொருந்தாது. இசையமைப்பாளர் அன்று நாடியது குறுக்கத்தை அன்று; அதுவரை இயலாதிருந்த விரிவை. கணினியொலியோடு மனிதக் குரலும் பிற கருவிகளும் அங்கு இயைந்து நின்றன. கேட்போர் அதனைத் திரைப்பாடலாகவே ஏற்றனர். முதல் அளவை ஓரளவு பொருந்தினும் ஏனைய இரண்டும் பொருந்தவில்லை.

பெங்களூரின் சான்று இன்னும் தெளிவானது. குழலிசைக் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் நிறுவிய ராடெல் நிறுவனம் மின்னணுத் தம்புராவையும் தாளக் கருவிகளையும் பரவலாக்கியது. இன்று கருநாடக இசை வகுப்புகளில் மின்னணுச் சுருதி இயல்பான ஒன்று. ஆயினும் அதன் துணையோடு நிகழும் கச்சேரி வேறோர் இசைவகையாகக் கருதப்படுவதில்லை. கருவி தன்னை மறைத்துக்கொள்வதே அங்கு வெற்றி. தம்புராவிலிருந்து ஒலி எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்கு அது குறையாக எண்ணப்படுகிறது. சிப்டியூனிலோ சில்லின் ஒலி மறைந்தால் பெயரே பொருளிழக்கும்.

கட்டுப்பாடு இலக்கணமாதல்

சில்லின் குறை எவ்வாறு இலக்கணமாகிறது என்பதற்கு விரைவுச் சுரச்சுழற்சி நல்ல எடுத்துக்காட்டு. மூன்று குரல்களுள் ஒன்று மெட்டுக்கும் ஒன்று கீழ்ச்சுரத்துக்கும் சென்றுவிட்டால், சுரக்கூட்டுக்கு எஞ்சுவது ஒரே குரல். அக்குரலிலேயே மூன்று சுரங்களை மிக விரைவாக மாறிமாறி ஒலிக்கச் செய்து, அவை ஒருங்கொலிப்பதுபோன்ற மயக்கத்தை 1980களின் கணினி விளையாட்டு இசையமைப்பாளர்கள் உண்டாக்கினர். அன்று அது பற்றாக்குறைக்குக் கண்ட மாற்று. இன்று நூற்றுக்கணக்கான தடங்கள் கொண்ட கணினியில் இசையமைப்போரும் அவ்வதிர்வை விரும்பிச் சேர்க்கின்றனர். தேவை நீங்கிய பின்னும் உத்தி நிலைத்திருப்பது வகைமை உருவானதற்கான உறுதியான அடையாளம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பழைய கருவியே இல்லாமல் அதன் ஒலியைப் புதிய கணினியில் போலச்செய்து ஆக்கப்படும் இசை சிப்டியூன் ஆகுமா? ஆகும் எனின் செய்முறை இன்றியே வகைமை நிலவுகிறது என ஏற்க வேண்டும். ஆகாது எனின், இரண்டும் கேட்பில் வேறுபடாதபோது அவ்விலக்கின் அடிப்படை என்ன என்று விளக்க வேண்டும். இத்தடை உண்மையில் இக்கட்டுரையின் கருதுகோளை வலுப்படுத்துகிறது. செய்முறையும் வகைமையும் பிரிக்கத்தக்கவை என்பதால்தான் இவ்வினா எழ முடிகிறது. மூன்று குரல் என்னும் வரம்பைப் போலச்செய்வோரும் தாமே மேற்கொள்வாராயின், மூன்று அளவைகளும் நிறைவுறுகின்றன. ஒலிநிறத்தை மட்டும் கடன்பெற்று வரம்பை மீறுவாராயின், அது அலங்காரமாக நிற்கிறது. திரைப்பாடல்களைச் சில்லொலியில் மறு ஆக்கம் செய்யும் முயற்சிகளுள் பல இத்தகையனவே.

வகைப்பெயர் படைப்புக்குப் பின்னரும் வந்து சேரலாம் என்பதற்குச் சரண்ஜித் சிங் சான்றாவார். மும்பைத் திரையிசைக் கலைஞரான அவர் 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் டி.பி.-303, டி.ஆர்.-808, ஜூபிடர்-8 கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். டி.பி.-303இன் ஒலி சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்னும் வகையின் அடையாளமானது 1980களின் பிற்பகுதியில். 2010இல் மறுவெளியீடு கண்டபோது உலகக் கேட்போர் சிங்கின் இசைத்தட்டை அவ்வகையின் முன்னோடியாகக் கேட்டனர். அவர் செய்ததோ இராகத்துக்குப் புதிய கருவியைப் பொருத்திப் பார்த்தது. எனவே வகைமை பற்றிய எம்முடிவும் எக்காலத்துக் கேட்பைக் குறிக்கிறது என்பதைச் சேர்த்தே கூறப்பட வேண்டும்.

கமகம் என்னும் சோதனை

பழங்கணினியில் கமகம் இயலாது. ஆகவே அது தமிழ் இசைக்கு அயலானது என்னும் கருத்து எழுதல் இயல்பு. கருவியின் அமைப்பு இதற்கு இடந்தரவில்லை. சிட் சில்லு ஒவ்வொரு குரலின் அதிர்வெண்ணையும் 16 பிட் எண்ணாகக் கொள்கிறது. அதாவது 65,536 நிலைகள். விசைப்பலகையின் பன்னிரு தானங்களுக்குள் அது அடங்கியதன்று. திரைப்படம் புதுப்பிக்கப்படும் வேகத்துக்கு ஏற்ப, நொடிக்கு ஐம்பது முறை அவ்வெண்ணை மாற்றும் வழக்கம் இருந்தது. தோடியின் காந்தார அசைவை இவ்வழியில் எழுத இயலும். ஒவ்வோர் அசைவையும் எண்ணால் எழுத வேண்டும் என்பதே இடர்.

சுருதியும் இங்குக் கடிகாரத்தைச் சார்ந்தது. ஐரோப்பியக் கொமடோர் ஏறத்தாழ 0.985 மெகாஹெர்ட்சிலும், அமெரிக்கக் கொமடோர் 1.023 மெகாஹெர்ட்சிலும் இயங்கின. ஒரே எண்கள் இரண்டாவதில் அரைச்சுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு உயர்ந்து ஒலிக்கும். ஆதார சட்சத்தைப் பாடுவோரே தேர்ந்துகொள்ளும் மரபுக்கு இது பெருங்குறையன்று.

விரலும் குரலும் தம்மையறியாமல் செய்யும் நெகிழ்வை எண்ணாக எழுதும்போது, இராகம் பற்றிய அறிவு வெளிப்படையாகிறது. அவ்வெழுத்தின் நுண்மையைக் கொண்டு திறனை மதிப்பிடும் கேட்போர் உருவாகும்போதே பழங்கணினி இசை தமிழில் வகைமையாகும். அதுவரை அது கைக்கெட்டும் ஒரு செய்முறை.

பாகுபாட்டின் பயன்

இப்பாகுபாடு பெயர்ச் சிக்கலோடு நிற்பதன்று. எதைக் காப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. செய்முறை என மட்டும் கொண்டால் முடிவான ஒலிப்பதிவு போதும். கருவியும் நிரலும் கழிக்கத்தக்கவை. வகைமை எனக் கொண்டால் கருவியும், நிரல்களும், எண்வரிசைகளும் மூலச்சுவடிக்கு நிகராகும். அந்தாதியின் அழகைத் தனிப்பாடல் ஒன்றால் உணர முடியாதவாறு, மூன்று குரலின் திறத்தை அக்குரல்களின் எழுத்தைக் காணாமல் முழுதும் உணர முடியாது. 1980களில் நெகிழ்வட்டிலும் காந்தநாடாவிலும் பதிந்த தரவுகள் ஊடகம் சிதைவதால் அழியக்கூடியவை. செய்முறையாக இருந்த ஒன்று பின்னர் வகைமையாகலாம் என்பதால், இன்றைய பெயரை நம்பி அவற்றைக் கழித்துவிடல் தகாது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. கடிகாரம் செய்துவந்த இத்தொழிற்புலம் இன்று கைப்பேசி உறுப்புகளையும் மின் வாகனங்களையும் செய்கிறது. புதியதை ஆக்கும் இடம் பழையது விரைவில் கழிவாகும் இடமுமாகும். நடுகற்களால் புகழ்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வரலாற்றுச் சேகரிப்பில் அண்மைக்கால மின்னணுக் கருவிகளுக்கும், அவற்றை இயக்கத் தெரிந்தோரின் வாய்மொழிக்கும் இடம் வேண்டும்.

முடிவுரை

செய்முறையும் வகைமையும் எதிரெதிர்ப் பொருள்கள் அல்ல. ஒரு கட்டுப்பாடு கடந்துசெல்லும் இரு நிலைகள். கட்டுப்பாடு புலனாகி, விரும்பி ஏற்கப்பட்டு, மதிப்பீட்டுக்கு அடிப்படையாகும்போது செய்முறை வகைமையாகிறது. இவ்வளவைகளின்படி உலக அளவில் சிப்டியூன் ஓர் இசைவகையே. 1986இன் திரையிசையும் மின்னணுச் சுருதியும் செய்முறை நிலையின. இவை அனைத்தையும் கணினி இசை என ஒரே தலைப்பில் அடக்குவது பதிற்றுப்பத்தையும் அற்புதத் திருவந்தாதியையும் ஒரே வகையில் வைப்பதை ஒக்கும். இசை ஆய்வாளர் தம் பட்டியல்களில் கருவியின் பெயரையும், அது ஏன் தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதையும், யார் எவ்வாறு கேட்டனர் என்பதையும் தனித்தனியே குறித்துவைத்தல் இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.