வேத்தியலும் பொதுவியலும்: பெங்களூரின் கன்னட மெட்டல் இசையில் நாட்டார் மரபு

முன்னுரை

நாட்டார் வழக்காறுகள் வாய்மொழியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து திரைக்கும் பெயர்ந்த வரலாறு தமிழாய்வில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. மின்கிட்டாரும் உறுமற்குரலும் கொண்ட மெட்டல் இசைக்குள் அவை புகுந்தபோது நேர்ந்த மாற்றம் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பெங்களூரைச் சேர்ந்த 'த்வேஷா' என்னும் இசைக்குழு 2014ஆம் ஆண்டில் 'ஸ்தூபா' என்னும் கன்னட இசைத்தொகுப்பை வெளியிட்டது. வெகுசன ஊடகங்களுக்கு வெளியே இயங்கிய இக்குழுவின் தொடக்க காலப் படைப்பு எம்மரபைத் தன் வேராகக் கொண்டது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகாரத்தின்வழி அறியப்படும் வேத்தியல், பொதுவியல் என்னும் பாகுபாடு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அரசர்க்கு உரிய ஆடல் வேத்தியல். ஏனையோர்க்கு உரியது பொதுவியல்.

நாட்டார் மெட்டலின் இரு வழிகள்

நாட்டார் மெட்டல் என இன்று வழங்கும் வகைக்கு இங்கிலாந்தின் ஸ்கைகிளாட் குழுவை முன்னோடியாகக் கூறுவது வழக்கம். 1990இல் தோன்றிய அக்குழு, 1991இல் வெளியான தன் முதல் தொகுப்பிலேயே வயலினைச் சேர்த்துக்கொண்டது. பின்லாந்தின் அமார்பிஸ் குழுவோ 1994இல் வெளியிட்ட தொகுப்பில் கலேவலா காப்பியத்தைப் பாடுபொருளாக்கியது. முன்னது கருவிவழி; பின்னது பனுவல்வழி. கலேவலாவும் நேரடியான வாய்மொழி அன்று. எலியாஸ் லோன்ரோட் திரட்டிய பாடல்களைக் கோத்து அமைத்து 1835இல் அச்சேற்றிய நூல் அது. எனவே 'நாட்டார்' என்னும் அடைமொழி, மக்களிடமிருந்து பெற்றதை மட்டுமன்றித் தொகுப்பாளர் தேர்ந்து தந்ததையும் குறிக்கிறது எனலாம்.

த்வேஷா இரண்டாம் வழியைச் சார்ந்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்னும் டெத் மெட்டலின் வழக்கமான கருவிகளே அதற்கு அடிப்படை. இசைவகையால் டெத் மெட்டலாகிய அதனை நாட்டார் மெட்டலுக்கு நெருக்கமாகக் கொணர்வன மொழியும் தொன்மமுமே ஆகும்.

மொழித் தேர்வு

பெங்களூரின் மெட்டல் இசை ஆங்கிலத்திலேயே வளர்ந்தது. 1998இல் தோன்றிய கிரிப்டோஸ் முதலிய குழுக்கள் ஆங்கிலத்திலேயே பாடின. 2007இல் அயர்ன் மெய்டன் குழு அரண்மனை மைதானத்தில் நிகழ்த்திய இசைநிகழ்ச்சி அந்நகரின் மெட்டல் சுவைஞர் பெருக்கத்தை வெளிப்படுத்தியது. இத்தகைய சூழலில் கன்னடத்தில் பாட முற்பட்டது துணிவான விலகல் என்பதில் ஐயமில்லை. அத்தொகுப்பை வெளியிட்டது ஜெர்மானிய நிறுவனம் ஒன்று என்பதும் நோக்கத்தக்கது.

உறுமற்குரலில் சொற்கள் தெளிவாகக் கேளா. அவ்வாறாயின் எந்த மொழியில் பாடினால் என்ன என்னும் வினா எழலாம். சொற்பொருள் மறைந்தாலும் ஒலிநிலை மறைவதில்லை. கன்னடத்தின் நாமடி ஒலிகளும் இரட்டித்த மெய்களும் குரலின் தாளத்தை ஆங்கிலப் பாடலினின்று வேறுபடுத்துகின்றன.

ஆனால் எத்தகைய கன்னடம் என்பது அடுத்த வினா. 'த்வேஷா', 'ஸ்தூபா' ஆகிய இரண்டும் வடசொற்கள். பத்தாம் நூற்றாண்டில் பம்பன் தன் காப்பியத்தில் மார்க்கம், தேசி என்னும் இரண்டையும் இணைக்க முயன்றான். த்வேஷாவின் பெயரீடு மார்க்கத்தையே நாடுகிறது. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா குழுவிலும் இதனையொத்த போக்கைக் காணலாம். தென்னிந்திய வழிவந்தோரின் அக்குழு ஆங்கிலத்தையும் வடமொழி மந்திரங்களையும் கையாண்டு, தன் இசையை 'வேத மெட்டல்' என்றது. அக்குழுவையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியரின் அடையாளச் சிக்கலையும் இணைத்து யூஜின் டைரியநாதன் 2009இல் ஆராய்ந்துள்ளார். வேர்தேடும் இசை வடமொழியில் சென்று நிற்பது இரு நகரங்களுக்கும் பொதுவாக உள்ளது.

சளன் கதை

ஸ்தூபாவில் இடம்பெற்ற 'ஹொய் சள' என்னும் பாடல் ஹொய்சள மரபின் தோற்றத் தொன்மத்தைத் தலைப்பாகக் கொண்டது. சிக்கமகளூரு மாவட்டத்து அங்கடியில் வாசந்திகை கோயிலருகே பாய்ந்துவந்த புலியைக் கண்ட சமண முனிவர், 'அடி, சள' என்னும் பொருள்பட 'ஹொய் சள' எனக் கூவ, சளன் அதனைக் கொன்றான் என்பது கதை. அக்கூவலே மரபின் பெயராயிற்று என்பர். தமிழ்க் கல்வெட்டுகளில் போசளர் என வழங்கும் இவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் தலைநகர் அமைத்து ஆண்டவர்கள்.

புலியொடு பொருத வீரனைப் போற்றுதல் அரசமரபிற்கு மட்டும் உரியதன்று. கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கற்கள் ஊரையும் கால்நடையையும் காக்கப் புலியை எதிர்த்தோரை நினைவுகூர்கின்றன. புலிகுத்திக் கல்லின் வீரன் ஊர் எல்லையில் நிற்கிறான். சளனோ அரச இலச்சினையாகிக் கோயில் வாயிலில் நிற்கிறான். பொதுவியல் கருவொன்று வேத்தியலாக உயர்த்தப்பட்டதன் சான்றாகச் சளன் கதையைக் கொள்ள இடமுண்டு. த்வேஷா எடுத்துக்கொண்டது இவ்வுயர்த்தப்பட்ட வடிவத்தையே.

மாதேசுவரன் காப்பியத்தைக் கம்சாளை ஒலிக்கத் தேவரகுட்டர் பாடுகின்றனர். மண்டேசாமி காப்பியத்தை நீலகாரர் பாடுகின்றனர். தென்கர்நாடகத்தின் உயிருள்ள பொதுவியல் இதுவே. சிசுநாள ஷரீபரின் பாடல்களை ரகு தீட்சித் 2008இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்பில் ராக் இசைக்குக் கொணர்ந்தார். ராக் இசை மக்கட்பாடலை நாடியபோது, மெட்டல் இசை மன்னர் தொன்மத்தை நாடியது.

எனினும் ஒன்றை மறுத்தற்கில்லை. சளன் கதையின் உயிர்நிலை ஒரு கூவல். இலச்சினையில் புலியும் வீரனும் உளர், குரல் இல்லை. கல்லில் இல்லாத அக்குரலை மீண்டும் தொண்டைக்குத் தந்ததே அப்பாடலின் பேறு. உறுமற்குரல் இங்கு அயல்நாட்டு அணியாக நில்லாமல், கதையின் தேவையாகவே அமைகிறது.

முடிவுரை

கி.பி. 890 அளவிலான பேகூர் நடுகல், பெங்களூர்ப் போரில் இறந்த வீரனைக் குறிக்கிறது. அந்நகரின் பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று அது. போரையும் சாவையும் பாட விழையும் பெங்களூர் இசைக்கு இதனினும் அணுக்கமான பொருள் அரிது. நாட்டார் மெட்டல் என்பது கருவியாலோ மொழியாலோ மட்டும் நிறைவுறுவதன்று. யாருடைய நினைவு பாடப்படுகிறது என்பதே அதனை உறுதிசெய்யும். த்வேஷாவின் தொடக்க முயற்சி மொழியை மீட்டது, கூவலையும் மீட்டது. ஊர் எல்லையில் நிற்கும் வீரன் இன்னும் பாடப்பெறவேண்டியவனாகவே உள்ளான். முத்துப்பட்டனையும் காத்தவராயனையும் பாடிய கதைப்பாடல் மரபை உடைய தமிழுக்கும் இக்கூற்றுப் பொருந்தும்.