நகலின் நகல்

கீவ் இளவரசர் விளாதிமிர் 988இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகு, சிலுவைகள் அந்நாட்டுக்குப் பைசாந்தியத்திலிருந்து வந்தன; பிறகு உள்ளூர்க் கன்னார்களே அவற்றை வார்க்கத் தொடங்கினார்கள். அவற்றுள் சிறப்பானவை மார்புச் சிலுவைகள்: கீல் வைத்து இணைத்த இரண்டு குழிந்த பாதிகள், உள்ளே திருப்பண்டம் வைக்க இடம். தேர்ந்த பட்டறைகளில் இவற்றுக்கான அச்சைக் கல்லில் செதுக்கினார்கள். மற்ற இடங்களில் கிடைத்த சிலுவையைக் களிமண்ணில் அழுத்தி, பதிந்த பள்ளத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். இந்த நகல் வார்ப்பை வெறும் சீரழிவென்று தள்ளிவிடுவது எளிது. அதன் குறைகள் மெய்யானவைதான். ஆனால் சிலுவை சாமானியர் கழுத்துக்கு வந்ததும் பெரிதும் அதனால்தான் என்பது என் கணிப்பு.

குறையை மழுப்ப வேண்டியதில்லை. வெண்கலம் ஆறும்போது சற்றே சுருங்கும்; களிமண்ணும் காய்ந்து சுருங்கும். நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்கச் சிலுவை சிறுத்தது, கிறிஸ்துவின் முகம் வெறும் மேடாயிற்று, எழுத்து கீறலாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கீவ் சிலுவை வகை ஒன்றில், இறையன்னையின் துணையை வேண்டும் வாசகம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கிறது. அச்சில் எழுத்தை நேராகச் செதுக்கியதால் வந்த பிழை அது. களிமண்ணில் பதியும்போது ஒருமுறையும் வார்க்கும்போது மறுமுறையும் எழுத்து திரும்புவதால், நகல்களிலும் அப்பிழை அப்படியே தொடர்ந்தது. இம்முறை தானாக எந்தப் பிழையையும் திருத்தாது. இதன் பெருங்குறை இதுவே.

கல்லச்சிலும் பல சிலுவைகள் வார்க்கலாமே, நகல் எதற்கு என்று கேட்கலாம். கல்லச்சுக்குத் தேர்ந்த செதுக்குநர் வேண்டும். 1240இல் மங்கோலியர் கீவைக் கைப்பற்றியபோது பட்டறைகள் அழிந்தன; ஆனாலும் அந்த வடிவங்கள் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தன. ஒரு பழஞ்சிலுவையும் பிடி மண்ணும் கொஞ்சம் உலோகமும் அதற்குப் போதும். இன்னொரு மறுப்பு கனமானது. கலைத்திறனின்றி வார்த்த திருவுருவங்கள் புனிதத்துக்கு இழுக்கு என்று 1720களில் ரஷ்யத் திருச்சபை ஆட்சிமன்றம் அவற்றைத் தடைசெய்தது. முகத்தைப் பொறுத்தவரை அக்குற்றச்சாட்டு சரி. மழுங்கிய முகம் யாரையும் காட்டாது. சிலுவையோ குறுக்காக அமைந்த இரு கோடுகள்; எத்தனை நகலானாலும் அது சிலுவைதான். இம்முறையை முகத்துக்கும் எழுத்துக்கும் பயன்படுத்தியதே தவறு, சிலுவைக்குப் பயன்படுத்தியது அல்ல. அருங்காட்சியகங்கள் மங்கிய நகல்களையும் மூலத்துக்கு அருகிலேயே அளவு குறித்து வைக்கட்டும். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல உதவுவது அந்தச் சுருக்கம்தான்.