‘சுய’ உதிர்ந்த மரியாதை

காதல் படங்களைப் பற்றிச் சிறுபத்திரிகைக்காரர்களிடம் இரண்டே அபிப்பிராயங்கள்தாம் உண்டு. அவை வணிகக் குப்பை, பேச என்ன இருக்கு என்பது ஒன்று. அவை வெகுசனங்களின் கனவு, கேள்வி கேட்க நாம் யார் என்பது மற்றொன்று. முதலாவதைப் படத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். இரண்டாவதைப் பார்த்தபின் யோசிக்காமல் சொல்லிவிடலாம். இரண்டிலுமே பிரதியை வாசிக்கிற வேலை இல்லை. ஓர் இனிப்பான காதல் பிரதி தன் இனிப்பை எதைக்கொண்டு தயாரிக்கிறது, அதற்கான விலையை யார் தலையில் கட்டுகிறது என்ற கேள்வியோடு ஒரு படத்தை மறுபடி வாசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

படம், 1997இன் இறுதியில் வெளிவந்த ஃபாசிலின் ‘காதலுக்கு மரியாதை’. அதே ஆண்டு மலையாளத்தில் அவரே எடுத்த ‘அனியத்திப்பிராவு’வின் தமிழ் வடிவம் இது. ‘காதல் தேசம்’, ‘காதல் கோட்டை’ (1996), ‘காதலர் தினம்’ (1999) என்று தலைப்பிலேயே காதலைச் சுமந்துகொண்டு படங்கள் வரிசை கட்டிய காலம் அது. அவற்றுக்குள் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. அப்பா, அம்மா, வயசுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்துபோய் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்து நெளியாமல், ஒரே இடத்தில் அழுதுவிட்டு வந்த காதல் படம் இது. காதல் என்ற சொல்லையே வீட்டுக்குள் உச்சரிக்க முடியாத ஒரு சமூகத்தில் இது எப்படிச் சாத்தியமாயிற்று?

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். ஜீவா இந்து. மினி கிறித்தவப் பெண், அண்ணன்மார்களின் செல்லம். புத்தகக் கடையில் சந்திக்கிறார்கள், காதல் வளர்கிறது, அண்ணன்மார்கள் கை ஓங்குகிறார்கள். இருவரும் வீட்டைவிட்டு வெளியேறி ஒரு மீனவக் குப்பத்தில் அடைக்கலம் புகுகிறார்கள். குப்பத்து மக்கள் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அந்த நேரம் பார்த்து இருவருக்குமே பெற்றவர்களின் முகம் நினைவுக்கு வருகிறது. இவ்வளவு அன்பு வைத்தவர்களை அழவிட்டு நாம் சந்தோஷமாக இருக்க வேண்டாம் என்று பிரிந்து, அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். முடிவில் இரண்டு குடும்பங்களும் நேருக்கு நேர் நிற்கும்போது, தாய்மார்கள் இருவரும் மனம் உடைந்து பெண்ணைக் கேட்கவும் கொடுக்கவும் செய்கிறார்கள். சுபம்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தக் கதையின் எலும்புக்கூடு எங்கேயோ பார்த்ததாகத் தெரியும். களவு, உடன்போக்கு, கற்பு. அகத்திணையின் பாதையில்தான் படம் நடக்கிறது. ஆனால் ஓரிடத்தில் திரும்பி எதிர்த்திசையில் நடக்கிறது. தொல்காப்பியக் கற்பியல், கரணத்தோடு கூடி, கொடுத்தற்குரியவர் கொடுக்கக் கொள்வதே கற்பு என்று முதலில் வரையறுக்கிறது. உடனேயே ஒரு விலக்கும் தருகிறது: இருவரும் உடன்போய்விட்ட காலத்தில் கொடுப்பவர் இல்லாமலும் கரணம் உண்டு. அந்த விலக்கு சாதாரணமானதல்ல. பெற்றோர் கொடுக்காவிட்டாலும் மணம் மணமே என்று இலக்கண நூல் ஒன்று ஒத்துக்கொள்கிற இடம் அது.

பாலைக்கலியில் ஒரு காட்சி. மகளைத் தேடிப் பாலை வழியில் செவிலி போகிறாள். எதிரே வருகிற அந்தணர்களிடம் இப்படி இரண்டு பேரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். பார்த்தோம், அவள் போனது அறம்தான், வருத்தப்படாதே என்று அவளைத் தேற்றுகிறார்கள். அங்கே திரும்பிப் போக வேண்டியவள் தாய். 1997இல் திரும்பிப் போகிறவர்கள் பிள்ளைகள். இடையில் நமக்கு என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

சங்க காலத்தைப் பொற்காலமாக்கிக் கும்பிடுகிற வேலை என்னுடையதல்ல. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்புமைகளைப் பட்டியலிடும்போது பிறப்பையும் குடிமையையும் முதல் இரண்டு இடங்களில் வைக்கிறதும் அதே தொல்காப்பியம்தான். உடன்போக்கை அனுமதித்த மரபு, யாரோடு யார் போகலாம் என்பதையும் எழுதிவைத்திருக்கிறது. ஆனாலும் ‘கொடுப்போர் இன்றி’ என்ற அந்தச் சின்ன இடைவெளி அங்கே இருக்கிறது. ஃபாசிலின் பிரதி அந்த இடைவெளியைத்தான் கண்ணீரால் அடைக்கிறது.

மீனவக் குப்பத்துக் காட்சிகளை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊர் பேர் தெரியாத இரண்டு பேருக்காக அந்த மக்கள் தங்கள் உடம்பைப் பணயம் வைக்கிறார்கள். கல்யாணத்தைத் தங்கள் வீட்டு விசேஷமாக எடுத்து நடத்தத் தயாராகிறார்கள். கொடுப்போர் இல்லாத இடத்தில் ஒரு சமூகமே கொடுப்போராக வந்து நிற்கிறது. வேறு விதமான உறவு, இரத்தமும் சொத்தும் தீர்மானிக்காத ஒரு குடும்பம் படத்துக்குள்ளேயே சாத்தியமாகிக் கண்முன் நிற்கும் ஒரே தருணம் அதுதான். நாயகனும் நாயகியும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடித்தள மக்களின் துணிச்சல் நடுத்தர வர்க்கக் காதலுக்கு ஓர் இரவுத் தங்கல் மட்டும்தானா? அவர்களுக்கு என்ன மரியாதை செய்தது இந்தப் படம்? கேட்டால், “அட, அது கதைக்கு ஒரு திருப்பம் சார்” என்பார்கள். திருப்பங்களில்தான் பிரதியின் கருத்தியல் வெளியே தலை நீட்டும்.

அதிகாரம் பலாத்காரத்தால் மட்டும் ஆள்வதில்லை, சம்மதத்தாலும் ஆள்கிறது என்றார் கிராம்சி. நம் வீடுகளில் ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு இருக்கிற கனத்தை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ‘பெத்தவங்க சம்மதம்’ என்கிறோம். இந்தப் படத்தில் பலாத்காரம் அண்ணன்மார்களின் வேலை, அது தோற்கிறது. அடித்தால் காதலர்கள் இன்னும் இறுக்கமாகச் சேர்கிறார்கள். ஜெயிப்பது அம்மாவின் கண்ணீர். கோபக்கார அண்ணனை எதிர்க்கலாம், அழுகிற அம்மாவை எதிர்க்க முடியுமா என்று கேட்டு நம்மை மடக்குகிறது படம். பெற்றோர் சம்மதம் தர வேண்டும் என்று கதை தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் முதலில் சம்மதம் தருகிறவர்கள் பிள்ளைகள். தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு இல்லை என்பதற்கு அவர்கள் மனமார ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த உரிமை அவர்களுக்குப் பரிசாகக் கிடைக்கிறது. ஒப்படைத்தால் கிடைக்கும், எடுத்துக்கொண்டால் கிடைக்காது. இந்த நீதிதான் படத்தின் சர்க்கரை.

பெண்ணின் நிலை இன்னும் சிக்கல். கடைசிக் காட்சியில் கேட்பதும் கொடுப்பதும் தாய்மார்களுக்குள் நடக்கிறது. ஆண்கள் தோற்ற இடத்தில் பெண்கள் தீர்மானிக்கிறார்கள் என்று இதைப் பெண்ணிய வெற்றியாகக்கூட ஒருவர் வாசிக்கலாம். ஆனால் மினி எங்கே? படம் முழுக்கப் பேசிய பெண், அவளைப் பற்றிய முடிவு எடுக்கப்படும்போது ஒரு பொருளாகி நிற்கிறாள். கொடுப்போர் உண்டு, கொள்வோர் உண்டு, கொடுக்கப்படுவது அவள்.

அடையாளம் பற்றி ஒரு வார்த்தை. இந்துவும் கிறித்தவரும் சேர்கிற கதை என்பதால் இதை மதநல்லிணக்கப் படம் என்று பாராட்டியவர்கள் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அந்த நல்லெண்ணம் பொய்யல்ல. ஆனால் இரண்டும் வசதியான வீடுகள். மதம் பெயரிலும் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்திலும் இருக்கிறதே தவிர, கல்யாணம் கோயிலிலா தேவாலயத்திலா, பிறக்கிற குழந்தைக்கு என்ன பேர் என்ற கேள்விகள் எழுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மதம் மாறாமல், யாருடைய கையொப்பத்தையும் கெஞ்சாமல் இந்த இருவரும் பதிவு செய்துகொண்டிருக்கலாம். முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ்க் காதல் படங்களில் பதிவாளர் அலுவலகம் வந்தால் அது பெரும்பாலும் துரத்தலுக்கான இடமாகவே வருகிறது. உரிமைக்கான இடமாக வருவது அபூர்வம். சாதியோ பெயர்கூடச் சொல்லப்படாமல் வெளியே நிற்கிறது. அது உள்ளே வந்திருந்தால் அம்மாவின் கண்ணீர் போதுமானதாக இருந்திருக்குமா?

இந்தச் சமயத்தில் தலைப்புக்கு வருகிறேன். ‘மரியாதை’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. கோயில் மரியாதை, பரிவட்டம், முதல் மரியாதை எல்லாம் மேலிருந்து கீழே வழங்கப்படுபவை, பிறப்பைப் பார்த்து வழங்கப்படுபவை. இதற்கு எதிராகத்தான் பெரியார் அந்தச் சொல்லின் முன்னால் ‘சுய’ என்பதைச் சேர்த்தார். சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதர் இல்லை. இரண்டு பேர், மாலை, மோதிரம் அல்லது தாலி, நண்பர்களோ உறவினரோ சாட்சி. 1967இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதற்குச் சட்ட ஏற்பு வாங்கித் தந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட மணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு கட்டாயமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஊரைக் கூட்டினால் உயிருக்கு ஆபத்து என்கிற இணையரை மனதில் வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. அந்தச் சட்டம் வந்து முப்பது வருஷம் கழித்து வந்த படத்தின் தலைப்பில் மரியாதை இருக்கிறது, ‘சுய’ இல்லை. காதலுக்கு மரியாதை கிடைக்கிறது, காதலிப்பவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சரி, எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதே ஷாலினி மூன்று வருஷம் கழித்து, 2000இல், மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’யில் இதற்குப் பதில் சொல்கிறார். மினி செய்யாததைச் சக்தி செய்கிறாள். இரண்டு வீட்டாரின் பேச்சும் முறிந்த பிறகு கோயிலில் ரகசியமாகக் கல்யாணம், கொடுப்போர் இல்லை. வினோதம் என்னவென்றால், அதற்குப் பிறகு இருவரும் அவரவர் வீட்டுக்கே திரும்பிப்போய் இருக்கிறார்கள். கற்புக்குப் பின் களவு! விஷயம் வெளியே வந்து துரத்தப்பட்டதும் பாதி கட்டிய ஒரு கட்டடத்தில் குடித்தனம். நம் காலத்துச் சுதந்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது என்று எனக்குத் தோன்றும். படம் சக்திக்குத் தண்டனையும் தருகிறது. சமாதானம் ஆவதற்குள் அப்பா இறந்துவிடுகிறார். ஆனாலும் மருத்துவமனையில் முடிகிற அந்தக் கடைசிக் காட்சியில் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேர் மட்டுமே. யாரும் யாரையும் யாருக்கும் கொடுப்பதில்லை. சாதி அங்கேயும் வாய் திறக்கவில்லை, சண்டை அந்தஸ்தைப் பற்றியது. இருந்தும் இனிப்பான ஒரு காதல் கதை ‘சுய’த்தைக் கைவிடாமலும் இனிப்பாக இருக்கலாம் என்பதற்கு அது ஓரளவு சாட்சி.

2004இல் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ வந்தது. அதில் ஓடிப்போன பெண்ணையும் மெக்கானிக் பையனையும் தேடி உறவினர் சென்னைக்கு வருகிறார். கோபமில்லை, அடி இல்லை. வாங்க, எல்லாம் பேசி முடிச்சுக்கலாம் என்கிற தோரணை. நம்பிக் கூடப் போகிறார்கள். மதுரையில் அவர்களுக்காகக் காத்திருப்பது என்ன என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்பான அழைப்பு, திரும்பிப்போதல், குடும்பத்தின் முன் நிற்றல்: ஏழு வருஷத்துக்கு முந்தைய படத்தின் அதே மூன்று அசைவுகள். முடிவில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. சாதி உள்ளே வந்தவுடன் அதே கதையின் சர்க்கரை விஷமாகிறது.

இதெல்லாம் சினிமாதானே என்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஓர் இளம் இணையரை வெட்டினார்கள். தலித் இளைஞர் இறந்தார். படுகாயத்தோடு பிழைத்த அவர் மனைவி, நீதிமன்றத்தில் தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். விசாரணை நீதிமன்றம் தந்தைக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கின் போக்கு எப்படியிருந்தாலும், அழுகிற குடும்பத்தின் முன் தலைகுனியாமல் நின்ற அந்தப் பெண்ணுக்கு நம் காதல் படங்களில் இடம் எது? 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணம் செய்ய முடிவெடுத்தால் குடும்பத்தின், சமூகத்தின் சம்மதம் தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னது. சட்டம் சொல்லிவிட்டது. பொதுப்புத்தி சொல்லவில்லை. பொதுப்புத்தியைத் தயாரிக்கிற இடங்களில் ஒன்று இருட்டான திரையரங்கு, மற்றொன்று பண்டிகை நாளில் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிற தொலைக்காட்சி.

இனிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. காதல் கதை சோகத்தில் முடிந்தால்தான் யதார்த்தம் என்கிற இலக்கியப் பாவனை எனக்கு அலுத்துவிட்டது. அது இன்னொரு விதத்தில் காதலர்களைப் பயமுறுத்துவது. அம்மாவை நேசிக்கிற பெண், வீட்டுக்காக ஏங்குகிற பையன் எல்லாம் உண்மைதான். அந்த ஏக்கத்தை ஒரு பிரதி பேசத்தான் வேண்டும். ஆனால் ஏக்கத்தைப் பேசுவது வேறு, அதையே கீழ்ப்படிதலாக மாற்றிக் காட்டுவது வேறு. அந்தக் குப்பத்திலேயே கல்யாணம் நடந்து, கொஞ்ச நாள் கழித்துப் பாலைக்கலிச் செவிலியைப்போல ஓர் அம்மா மணலில் கால் புதையத் தேடிக்கொண்டு வந்து, வழியில் வலை உலர்த்துகிறவர்களிடம் விசாரித்து, அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் இனிப்பான படம்தான். குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். அழவும் செய்யலாம்.