வரியும் பிறப்பிடமும்: டயாக் வாளின் எஃகு குறித்த வாதங்கள் மீதான ஒரு மறுபரிசீலனை

போர்னியோத் தீவின் டயாக் மக்களுக்குரிய மண்டாவ் என்னும் வாளின் அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் தென்பட்டால், அது தென்னிந்திய உருக்கினால் ஆனது என்று கொள்ளும் ஆர்வம் எளிதில் எழுகிறது. இவ்வார்வம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரை வணிகத்திற்கு அதுவே அவர்களின் தலைமையிடமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையின் இரும்பும் எஃகும் படேவியாவுக்குக் கப்பலேறின. எனினும் அச்சரக்கின் பெரும்பகுதி மசூலிப்பட்டினம் சார்ந்த வடபகுதியிலிருந்து திரட்டப்பட்டது. ஆகவே 'பழவேற்காட்டு வணிகம்' என்பதைத் 'தமிழக எஃகு' என்று மாற்றி வாசிப்பது முதல் பிழையாகும்.

இரண்டாவது பிழை வரியை வாசிப்பதில் நேர்கிறது. தென்னிந்திய உருக்கு, மூடிய மண்மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு உருக்கிப் பெறப்பட்டது. அதன் கரிம அளவு ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு. அக்கட்டியைக் குறைந்த வெப்பத்தில் பலமுறை அடித்து நீட்டும்போது, உள்ளிருக்கும் கார்பைடுத் துகள்கள் அடுக்குகளாக ஒழுங்குபெற்று வரிகளாகின்றன. மலாய்த் தீவுக்கூட்டத்தின் 'பமோர்' வரிகளோ, வேறுபட்ட இரும்புத் தகடுகளைக் காய்ச்சி அடித்து ஒட்டுவதால் தோன்றுபவை. சுலவேசியின் லுவு பகுதியிலிருந்து வந்த நிக்கல் கலந்த இரும்பு இதற்குப் பெயர்பெற்றது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். நுண்ணோக்கியின்கீழ் வேறுபாடு தெளிவு. ஒட்டுவேலையில் இணைப்புக் கோடுகளும் அவற்றில் சிக்கிய கசடும் நிற்கும். உருக்கில் முழுதும் உருகிய உலோகமாதலால் அவ்வாறான கசடு பொதுவாக இராது. வரி செய்முறைக்குச் சான்றேயன்றி ஊருக்குச் சான்றன்று. மூசை எஃகு தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதுமன்று. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் மத்திய ஆசியாவின் மெர்வ் நகரிலும் அது ஆக்கப்பட்டமையை அகழாய்வு காட்டியுள்ளது.

போர்னியோவின் கொல்லர்களை மறந்துவிடுவதே இவ்வாதத்தின் பெருங்குறை. தீவின் உட்பகுதியில் கென்யா, காயான் குழுவினர் தாமே இரும்பை உருக்கியெடுத்தனர். தெற்கே நெகாரா ஊரின் பட்டறைகள் ஆயுதங்களுக்குப் புகழ்பெற்றவை. அலகின் ஒருபுறம் குவிந்தும் மறுபுறம் சற்றுக் குழிந்தும் அமைவது, மான்கொம்பில் செதுக்கிய பிடி, அலகில் பதித்த பித்தளைப் புள்ளிகள் ஆகியவை உள்ளூர்க் கைவினையின் அடையாளங்கள். வெளியூர்க் கட்டியே உலையேறியிருந்தாலும் வாள் டயாக் வாளே. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இதற்கு மறுதலையான சான்று தருகின்றன. ஐரோப்பிய அலகுக்கு இந்தியப் பிடி பூட்டிய 'பிரங்கி' வாள்கள் அத்தொகுப்பில் உண்டு. அலகின் ஊரைக் கொண்டு அவற்றை ஐரோப்பியப் பண்பாட்டுப் பொருள்களாக யாரும் கொள்வதில்லையே.

தமிழக உருக்குக்கு இத்தகைய கடன் பெருமை தேவையில்லை. கொடுமணல் அகழாய்வும், தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் ஆய்ந்த மூசைகளும் உற்பத்தியின் நேரடிச் சான்றுகள். மாறாக, 'ஊட்ஸ்' என்ற சொல்லைத் தமிழ் 'உருக்கு' என்பதன் திரிபாக மட்டும் காட்டும் வாதம் வலுக்குறைந்தது. ஜார்ஜ் பியர்சன் 1795-இல் அச்சேற்றிய அச்சொல், பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய மாதிரிகளோடு இங்கிலாந்து சென்றது. கன்னட 'உக்கு' அதற்கு நெருங்கியதென்பது பலரின் கருத்து. ஊட்ஸின் உற்பத்தியையும் விற்பனையையும் 1986-இல் ஆராய்ந்த பென்னட் பிரான்சன், இது பற்றிப் பரவியிருந்த பல நம்பிக்கைகளைக் கேள்விக்குட்படுத்தியமை தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

ஒரு மண்டாவின் மூலத்தைச் சொல்ல முற்படுவோர் எஃகு எங்கு உருகியது, அலகு எங்கு அடிக்கப்பட்டது, பிடி எங்குப் பூட்டப்பட்டது என்னும் மூன்றையும் தனித்தனியே வினவ வேண்டியுள்ளது. முதல் வினாவுக்கு ஆய்வகமும், இரண்டாவதற்குப் பட்டறை மரபின் அறிவும், மூன்றாவதற்குச் சேகரிப்புப் பதிவேடும் விடைதரும். வரியின் ஒளிப்படம் இவற்றுள் எதற்கும் ஈடாகாது.