கவுன்ட் பேஸியின் இசைப்பதிவுகள்: இரு காலங்களின் ஒப்பீடு

கவுன்ட் பேஸி (1904–1984) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், இசைக்குழுத் தலைவர். நியூ ஜெர்சி மாநிலத்தின் ரெட் பேங்க் நகரில் பிறந்தவர். இயற்பெயர் வில்லியம் ஜேம்ஸ் பேஸி. 1935 முதல் இறக்கும் வரை, ஓரிரு ஆண்டு இடைவெளி தவிர, ஒரு பெரிய ஜாஸ் குழுவை நடத்தினார். ஜாஸ் ரசிகர்கள் அவருடைய குழுவை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். 1950க்கு முந்தையதைப் ‘பழைய ஏற்பாடு’ என்றும் 1952க்குப் பிந்தையதைப் ‘புதிய ஏற்பாடு’ என்றும் அழைப்பர். முதற்குழு சுதந்திரமாக வாசித்தது, இரண்டாம் குழு தாளில் எழுதியதை இயந்திரம் போல் ஒப்பித்தது என்னும் தீர்ப்பும் இப்பெயர்களோடு சேர்ந்தே வருகிறது. பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் இத்தீர்ப்பு பாதி உண்மை என்பது புலப்படும்.

முதற்காலம் (1936–1950)

கன்சாஸ் நகரில் பென்னி மோட்டன் குழுவில் பியானோ வாசித்துவந்த பேஸி, 1935இல் மோட்டன் இறந்தபின் தம் குழுவை அமைத்தார். ரீனோ கிளப் என்னும் விடுதியிலிருந்து ஒலிபரப்பான அவர்கள் இசையை வானொலியில் கேட்ட ஜான் ஹேமண்ட் அக்குழுவை வெளியுலகுக்கு அழைத்துவந்தார். ஆனால் அவர் வருவதற்குள் பேஸி டெக்கா நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். அதில் ராயல்டி என்பதே இல்லை. இன்றும் விரும்பிக் கேட்கப்படும் 1937–39 பதிவுகள் அந்த ஒப்பந்தத்தின்கீழ் உருவானவை.

அக்காலக் குழுவின் பல உருப்படிகள் முழுமையாகத் தாளில் எழுதப்படவில்லை. ஒருவர் ஒரு சிறு இசைத்தொடரைத் தொடங்குவார். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பற்றிக்கொள்வர். டிரம்பெட் அணி அதற்கு எதிர்த்தொடர் சொல்லும். பல இரவுகள் வாசித்ததில் அது மனப்பாடமாகி ஓர் உருப்படியாக நிலைபெறும். 1937இல் பதிவான ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ இதற்குச் சிறந்த சான்று. பேஸியின் பியானோவுடன் தொடங்கும் இப்பதிவில் ஹெர்ஷல் எவன்ஸ், லெஸ்டர் யங், பக் கிளேட்டன் முதலியோர் ஒருவர்பின் ஒருவராகத் தனி வாசிப்பு நிகழ்த்துகின்றனர். எல்லோருக்கும் பழக்கமான அந்த முக்கிய மெட்டு கடைசியில்தான் வருகிறது. மூன்று நிமிடப் பதிவில் மெட்டுக்கு இறுதி இடமும் மனிதர்களுக்கு முதலிடமும் தரப்பட்டுள்ளன.

எவன்ஸ், யங் ஆகிய இருவரும் வாசித்தது டெனர் சாக்ஸபோன். எவன்ஸின் ஒலி கனமானது, உருக்கமானது; யங்கின் ஒலி மெல்லியது, காற்றில் மிதப்பது. ஒரே கருவியில் இரு வேறு குரல்களை அடுத்தடுத்து நிறுத்தியது பேஸியின் நுண்ணறிவு. பேஸி, கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன், பாஸ் கலைஞர் வால்ட்டர் பேஜ், டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் ஆகிய நால்வரும் இவர்களுக்கு அடியில் தாளத்தைத் தாங்கினர். பெரிய டிரம்மில் ஓங்கி அடித்துத் தாளம் காட்டும் வழக்கத்தை மாற்றி, ஜோ ஜோன்ஸ் அதை ஜாலரா போன்ற இரட்டைத் தட்டுகளான ஹை-ஹாட்டுக்குக் கொண்டுசென்றார். தாளம் இலகுவாகி, நடை முன்னே ஓடத் தொடங்கியது.

இம்முறையின் பலவீனமும் இதிலேயே இருந்தது. உருப்படி வாசிப்பவரின் நினைவில் இருந்தால், அவர் போகும்போது அதில் ஒரு பகுதியும் போய்விடும். எவன்ஸ் 1939இல் இறந்தார். யங் 1940இல் விலகினார். 1942இல் தொடங்கிய இசைக்கலைஞர் சங்க வேலைநிறுத்தத்தால் பெரிய நிறுவனங்களில் ஒலிப்பதிவு தடைபட்டது. 1944இல் யங், ஜோ ஜோன்ஸ் இருவரும் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டனர். போருக்குப்பின் பெருங்குழுக்களுக்கு வருமானம் குறைந்தது. 1950இல் பேஸி குழுவைக் கலைத்துவிட்டுச் சிறுகுழுவுடன் வாசிக்க நேர்ந்தது.

இரண்டாம் காலம் (1952 முதல்)

1952இல் பேஸி மீண்டும் பெருங்குழுவை அமைத்தபோது அதன் நினைவைத் தாளுக்கு மாற்றினார். நீல் ஹெஃப்டி, எர்னி வில்கின்ஸ், ஃப்ராங்க் ஃபாஸ்டர், தாட் ஜோன்ஸ் ஆகியோர் அவருக்காக இசைக்கோப்புகளை எழுதினர். இனி ஒருவர் விலகினால் வேறொருவர் வந்து அந்தத் தாளைப் பார்த்து வாசிக்கலாம். பழைய குழுவை இழந்தவர் அந்த இழப்பிலிருந்து கற்ற பாடமாகவே இம்மாற்றத்தைக் காணவேண்டும்.

தொழில்நுட்பமும் இதற்குத் துணைநின்றது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசைக்கே இடமிருந்தது. நெடுநேர இசைத்தட்டு வந்தபின் அந்த நெருக்கடி நீங்கியது. ஒலிவாங்கிகளும் மேம்பட்டன. 1937 பதிவில் மங்கலாகக் கேட்கும் கிதார், 1957இல் ஒவ்வோர் அடியிலும் தெளிவாகக் கேட்கிறது.

1957இல் பதிவான ‘தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி’ இக்காலத்தின் தலைசிறந்த தொகுப்பு. அதில் அனைத்தும் ஹெஃப்டியின் உருப்படிகள். அவற்றுள் ‘லில் டார்லின்’ தனித்து நிற்பது. ஹெஃப்டி அதை இன்னும் விரைவான நடைக்கு எண்ணியிருந்தார்; பேஸியே அதை மிக மெதுவாக்கினார். அவ்வளவு மெதுவான நடையில் பதினைந்துக்கு மேற்பட்டோர் ஒரு சுரத்தில் ஒன்றாக இறங்குவது கடினம். ஒருவர் சற்று முந்தினாலும் காதில் உறுத்தும். இங்கே காணப்படும் ஒழுங்கை இயந்திரத்தனம் என்று ஒதுக்க இயலாது. ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசிப்பதன் விளைவு அது.

ஒரே உருப்படி, இரு பதிவுகள்

நேரடி ஒப்பீட்டுக்குப் பேஸியே வழிசெய்துள்ளார். 1960இல் ‘தி கவுன்ட் பேஸி ஸ்டோரி’ என்னும் தொகுப்பில் பழைய உருப்படிகளைப் புதிய குழுவைக் கொண்டு மறுபதிவு செய்தார். 1938இல் முதலில் பதிவான ‘ஜம்பின் அட் தி உட்சைட்’ அவற்றுள் ஒன்று. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த ஒரு விடுதியின் பெயர் இதன் தலைப்பில் உள்ளது.

மறுபதிவில் ஊதுகருவிகள் கூர்மையாக ஒலிக்கின்றன. ஏற்ற இறக்கங்கள் துல்லியமாக அமைந்துள்ளன. ஆனால் 1938இல் அந்தத் தொடர்கள் வாசிப்பவர்களுக்குள் அப்போதுதான் முளைத்தவை போல் ஒலித்தன. 1960இல் அவை மரபாகிவிட்டன. கேட்பவர் அடுத்து வருவதை முன்பே அறிந்திருக்கிறார், வாசிப்பவரும் அறிந்திருக்கிறார். இந்த இடத்தில் ‘புதிய ஏற்பாடு’ தோற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய குழுவுக்கென்றே எழுதப்பட்ட ‘லில் டார்லின்’, ஃபாஸ்டரின் ‘ஷைனி ஸ்டாக்கிங்ஸ்’ போன்றவற்றில் இக்குறை இல்லை. ஆகவே குற்றம் எழுத்துமுறையின் மேல் இல்லை. ஒரு முறையில் பிறந்ததை மற்றொரு முறையில் பாதுகாக்க முயன்றதே குறை.

மாறாதது

இரு காலங்களையும் இணைப்பவர்கள் இருவர். ஒருவர் ஃப்ரெடி கிரீன். 1937இல் சேர்ந்த அவர், சிறு இடைவெளி தவிர, 1987இல் இறக்கும் வரை அக்குழுவிலேயே இருந்தார். தனி வாசிப்பை நாடாமல் ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு தட்டு என்று வாசித்துக் குழு முழுவதையும் நிலைநிறுத்தினார். மற்றவர் பேஸி. இளமையில் வேகமாகவும் நிறையவும் வாசிக்கத் தெரிந்திருந்தவர், குழு அமைத்தபின் சுரங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1937இலும் 1957இலும் அவர் இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டு நிறுத்துவார். அந்த மௌனத்தில்தான் பாஸும் கிதாரும் கேட்கும். இந்தச் சிக்கனம் தாளில் எழுதப்படாதது. இரண்டு காலத்துக்கும் பொதுவானது.

மதிப்பீடு

முதற்காலப் பதிவுகள் மனிதர்களின் குரல்களுக்காகக் கேட்கத் தக்கவை. லெஸ்டர் யங்கின் இடத்தை எந்தத் தாளும் நிரப்பவில்லை. இரண்டாம் காலப் பதிவுகள், பலர் சேர்ந்து ஒரே குரலாவதைக் கேட்பதற்கு உரியவை. முன்னதன் அளவுகோலால் பின்னதை அளப்பது, நாட்டுப்புறக் கதைசொல்லியின் அளவுகோலால் நாவலை அளப்பது போன்றது.

புதிதாகக் கேட்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் ‘லில் டார்லின்’ கேட்கலாம். அதன் தெளிவான ஒலியில் கிதாரையும் பேஸியின் மௌனத்தையும் காது பழகிக்கொள்ளும். அதன்பின் ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ 1937 பதிவுக்குச் சென்றால், பழைய இசைத்தட்டின் இரைச்சலுக்கு அடியிலும் அதே தாளநடை ஓடிக்கொண்டிருப்பது கேட்கும்.